டீம்லயே வயசு கம்மியான ஆளு ப்ராஜெக்ட் மேனேஜரா இருந்தா ஜிரா கை குடுக்குமா? நீளமா ஒரு ரிவ்யூ

ஜிரான்னா ஒரு டீமோட வேலையெல்லாம் எழுதி வெச்சு, எது யாருகிட்ட எந்த நெலைல இருக்குன்னு பாத்துக்குற சாஃப்ட்வேர். அதுக்கு ரிவ்யூ எழுதுறவங்கள்ல பாதிப் பேரு கம்பெனிக்கு வாங்கலாமா வேணாமான்னு முடிவு பண்றவங்க, மீதிப் பேரு அதோட ஸ்க்ரீனைப் பாத்தாலே கடுப்பாகுற டெவலப்பர்ஸ். நடுவுல ஒரு கூட்டம் இருக்கு. வயசு இருபதுகள்ல இருக்கும், திடீர்னு ஒரு நாள் "இனிமே இந்த ப்ராஜெக்ட்டை நீ பாத்துக்கோ"ன்னு கைல குடுத்துருப்பாங்க, டீம்ல இருக்குற அத்தனை பேரும் நமக்கு சீனியர், அதுல ஒருத்தர் ரெண்டு பேரு நாம சேர்ந்த புதுசுல நமக்கே வேலை சொல்லிக் குடுத்தவங்களா இருப்பாங்க. அந்தக் கூட்டத்துல ஒருத்தனா தான் இதை எழுதுறேன். எல்லா ஃபீச்சரையும் வரிசையா சொல்லப் போறதில்ல, சின்ன வயசு மேனேஜருக்கு இதுல எது கை குடுக்குது எது காலை வாருதுங்குறது மட்டும் தான்.

நம்ம பிரச்சனையே அதிகாரம் இல்லாததுதான்னு நெறைய பேரு நெனைக்குறாங்க. எனக்கு அப்படித் தோணல. வயசான ப்ராஜெக்ட் மேனேஜருக்கும் பெரிய அதிகாரம்லாம் கெடையாது, டீம் ஆளுங்களோட இன்க்ரிமென்ட் வேற யாரோ கையில தான் இருக்கும். நம்மகிட்ட உண்மையிலேயே இல்லாதது பழைய கணக்கு. ஒருத்தர் "இது ரெண்டு நாள் வேலை தம்பி"ன்னு சொன்னா இருபது வருஷம் இதுலயே கெடந்த மேனேஜர் மனசுக்குள்ள அஞ்சுன்னு போட்டுக்குவாரு, ஏன்னா இந்த மாதிரி ரெண்டு நாள் எத்தனையோ பாத்துருக்காரு. நமக்கு ரெண்டுன்னா ரெண்டு தான், அதை அப்படியே ப்ளான்ல ஏத்தி மேல அனுப்பிடுவோம், அப்புறம் ரெண்டு பக்கமும் இடி வாங்குவோம். இந்தப் பள்ளத்தை ஜிரா ஓரளவு ரொப்புது. நான் இதுக்கு நல்ல மார்க் போடுறது அதுக்காகத்தான், அழகுக்கோ வேகத்துக்கோ இல்ல.

இது 2002ல சிட்னில அட்லாசியன் கம்பெனி கொண்டு வந்தது, ஆரம்பிச்ச மைக் கேனன் ப்ரூக்ஸும் ஸ்காட் ஃபார்க்கரும் அப்போ காலேஜ் முடிச்ச சூட்டோட இருந்த பசங்க. மொதல்ல இது சாஃப்ட்வேர்ல வர்ற பக்கை, அதாவது கோளாறை, எழுதி வெச்சுக்குறதுக்கான டூல், ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டது. பக்குன்னு ஒன்னு வந்தா யாரு கண்டுபிடிச்சா, யாருகிட்ட போச்சு, எப்போ மூடுனாங்க, மூடினது திரும்ப ஏன் தொறந்துச்சு, எல்லாம் பதிவாகணும் இல்லையா, அந்தப் புத்தி தான் இன்னிக்கும் இந்த டூலோட அடிமட்டத்துல இருக்கு. பாக்குறதுக்கு பளிச்சுன்னு வேற எத்தனையோ டூல் வந்துருச்சு, ஆனா எதையும் மறக்காம வெச்சுக்குறதுல இது கெட்டி.

அந்த மறக்காத குணம் கண்ணுல படுற எடம் டிக்கெட்டுக்கு (ஒவ்வொரு வேலைக்கும் ஜிராவுல போடுற பதிவு) கீழ ஆக்டிவிட்டி பகுதியில இருக்குற ஹிஸ்டரி. ட்யூ டேட்டை யாரு மாத்துனா, எதுலேர்ந்து எதுக்கு மாத்துனா, எந்த நேரத்துல, டிஸ்க்ரிப்ஷன்ல எந்த வரியை எடுத்தாங்க, எல்லாம் கெடக்கும். புதுசா வந்த மேனேஜருக்கு இது வரப்பிரசாதம், ஏன்னா மீட்டிங்ல "அந்தத் தேதிக்கு நான் ஒத்துக்கவே இல்லையே"ன்னு ஒரு சீனியர் சொன்னா நம்ம ஞாபகத்துக்கும் அவரு ஞாபகத்துக்கும் நடக்குற சண்டையில ஜெயிக்கிறது எப்பவும் அவரு ஞாபகம் தான். ஆனா ஒன்னு, ஹிஸ்டரியை மீட்டிங்ல ப்ரொஜெக்டர்ல போட்டுக் காட்டிராதீங்க, காட்டினா அன்னிக்கு வாதத்துல ஜெயிப்பீங்க, அதுக்கப்புறம் அந்த மனுஷன் ஜிராவுல ஒரு எழுத்து கூட அடிக்க மாட்டாரு. மீட்டிங் முடிஞ்சு அவரு சீட்டுக்குப் போயி "அண்ணே, தேதி ரெண்டு தடவை நகந்துருக்கு போல, என்ன ஆச்சு"ன்னு கேட்டா கதை வரும், கதை தான் நமக்கு வேணும், தேதி இல்ல.

ஸ்ப்ரிண்ட்னா இத்தனை நாளுக்குள்ள இந்த வேலைங்கன்னு டீம் எடுத்துக்குற ஒரு சுத்து. அதோட ரிப்போர்ட்டுல இருக்குற ஒரு சின்ன நட்சத்திரக் குறிய பத்தி யாரும் பேசுறதில்ல, ஆனா எனக்கு இந்த மொத்த டூல்லயும் ரொம்பப் புடிச்சது அதுதான். ஸ்ப்ரிண்ட் தொடங்குனதுக்கு அப்புறம் உள்ள நுழைச்ச டிக்கெட் எல்லாத்துக்கும் பக்கத்துல ஒரு ஸ்டார் விழும். இது எதுக்கு ஆகும்னு கேக்குறீங்களா, சின்ன வயசு மேனேஜர்கிட்ட தான் எல்லாரும் நடுவுல வந்து "இதையும் கொஞ்சம் சேத்துக்கோப்பா, சின்ன வேலை தான்"னு சொல்லுவாங்க, சேல்ஸ்ல இருந்து ஒருத்தரு, ஆபரேஷன்ஸ்ல இருந்து ஒருத்தரு, நேரா டெவலப்பர்கிட்டயே போயி காதுல ஓதிட்டுப் போறவரு ஒருத்தரு, எல்லாருமே பெரிய ஆளுங்க, முடியாதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ல நமக்கு வாய் வராது. சொல்லவும் வேணாம். சரிங்க சார்னு சொல்லி டிக்கெட் போட்டு ஸ்ப்ரிண்ட்ல சேருங்க, கேட்டவரு பேரையே ரிப்போர்ட்டர்ல போடுங்க. ரிவ்யூ மீட்டிங்ல "முடிக்காத வேலை ஏன் இவ்ளோ இருக்கு"ன்னு கேள்வி வரும்போது ரிப்போர்ட் தானே பேசும், இந்த ஸ்டார் போட்டதெல்லாம் நடுவுல வந்தது சார், அதுக்கு எடம் குடுக்க இதெல்லாம் வெளிய நின்னுச்சு. நம்ம வாயால சொன்னா அது சாக்கு, அந்தப் பேஜ் சொன்னா கணக்கு. எங்க டீம்ல இதை ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நடுவுல வர்ற வேலை நின்னு போகல, ஆனா கேக்குறவங்க "எதை எடுத்துட்டு இதை வைக்கலாம்"னு கேக்க ஆரம்பிச்சாங்க, எனக்கு அதுவே போதும்.

அடுத்தது கன்ட்ரோல் சார்ட். மொதல் தடவை பாத்தா புள்ளி புள்ளியா ஒன்னும் புரியாது, நெறைய பேரு தொறந்த வேகத்துல மூடிருவாங்க. ஒவ்வொரு புள்ளியும் முடிஞ்ச ஒரு டிக்கெட், மேல போகப் போக அதுக்கு ஜாஸ்தி நாள் புடிச்சுதுன்னு அர்த்தம், போர்டுல எந்த காலத்துலேர்ந்து எந்த காலம் வரைக்கும் எண்ணணும்னு நாமளே தேர்ந்தெடுத்துக்கலாம். (போர்டுன்னா டிக்கெட்டுங்க எந்த நெலைல இருக்குன்னு காட்டுற ஸ்க்ரீன், காலம்னா இங்க நேரம் இல்ல, அதுல ஒவ்வொரு நெலைக்கும் இருக்குற column.) மேல சொன்ன "ரெண்டு நாள் வேலை"க்கு மருந்து இங்க தான் இருக்கு. மனோதத்துவ ஆராய்ச்சியாளர்களான டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979லயே எழுதி வெச்சுட்டாங்க, மனுஷன் தன் வேலைக்கு நாள் கணிக்கும்போது அந்த வேலைக்குள்ளயே மூக்கை வெச்சுப் பாக்குறான், அதே மாதிரி வேலைங்க முன்னாடி எவ்ளோ நாள் புடிச்சுதுன்னு திரும்பிப் பாக்குறதில்ல, அதனால எப்பவும் கம்மியா சொல்றான்னு. அனுபவம் இருக்குறவங்களே இதுல விழுவாங்க. நாம சார்ட்டைத் தொறந்து, இதே மாதிரி ரிப்போர்ட் வேலை இதுக்கு முன்னாடி செஞ்சதெல்லாம் எவ்ளோ நாள் போயிருக்குன்னு ஃபில்டர் போட்டுப் பாத்துட்டு, அதுக்கப்புறம் எஸ்டிமேட் பேசப் போகலாம். பேசும்போதும் "நீங்க சொல்றது தப்பு"ங்குற வார்த்தையே தேவையில்ல, "போன தடவை இது மாதிரி ஒன்னு ஆறு நாள் போச்சே அண்ணே, அதுல என்ன இழுத்துச்சு"ன்னு கேட்டா போதும், அவரே ஞாபகம் வந்து "ஆமா, அந்த டெஸ்ட் சர்வர் கெடைக்கல"ம்பாரு, நமக்கு ஒரு ரிஸ்க் முன்கூட்டியே கெடச்சுரும்.

இது எல்லாத்துக்கும் ஒரு பெரிய ஆனா இருக்கு. டிக்கெட்டை ஆளுங்க ஒழுங்கா நகத்தணும். நகத்தலன்னா கன்ட்ரோல் சார்ட்டும் குப்பை, மீதி வேலை நாளுக்கு நாள் எப்படிக் கொறையுதுன்னு காட்டுற பர்ன் டவுனும் குப்பை. பர்ன் டவுன் கோடு ஸ்ப்ரிண்ட் பூரா மேசை மாதிரி தட்டையா போயி கடைசி நாள் சாயங்காலம் செங்குத்தா விழுந்துச்சுன்னா டீம் கடைசி நாள்ல வேலை செஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல, கடைசி நாள்ல தான் ஜிராவைத் தொறந்தாங்கன்னு அர்த்தம். இதைப் பாத்துட்டு "எல்லாரும் தெனமும் அப்டேட் பண்ணுங்க"ன்னு குரூப்ல மெசேஜ் போடுற சின்ன வயசு மேனேஜர் பாவம், அந்த மெசேஜுக்கு ஒரு தம்ஸ் அப் வரும், வேற ஒன்னும் வராது.

எங்க டீம்ல ஒரு மூத்த டெவலப்பர் இருக்காரு, எல்லாத்தையும் ஒரு நீட்டு டைரில பென்சில்ல எழுதுவாரு, முடிஞ்சா ஒரே கோடா அடிச்சுருவாரு, ஜிராவுல அவரு டிக்கெட் எல்லாம் இன் ப்ராக்ரஸ்லயே ஊறிக் கெடக்கும். கேட்டா "என்னை வேவு பாக்குறதுக்கு நீ டூல் வெச்சுருக்க"ம்பாரு. நான் லேப்டாப்பை எடுத்துக்கிட்டு அவரு பக்கத்து சேர்ல உக்காந்துட்டேன், அவரு டைரியைப் பாத்து சொல்லச் சொல்ல நான் கமென்ட்ல அடிக்குறது, அடிச்சதைப் படிச்சுக் காட்டி "இப்படிப் போடலாமா அண்ணே"ன்னு கேக்குறது. ஒரு டிக்கெட்டுக்கு நான் "முடிஞ்சது"ன்னு அடிச்சேன், அவரு ஸ்க்ரீன் மேல பென்சிலை வெச்சு "முடிஞ்சதுன்னு போடாத, என் பக்கம் முடிஞ்சதுன்னு போடு"ன்னாரு. அப்போ தான் விஷயமே வெளங்குச்சு. எங்க போர்டுல இன் ப்ராக்ரஸுக்கு அப்புறம் நேரா டன் தான், நடுவுல டெஸ்டிங்குக்காக காத்துக்கெடக்குற நேரத்துக்குன்னு ஒரு காலமே கெடையாது, அவரு டிக்கெட்டை நகத்தாம வெச்சுருந்ததுக்கு காரணம் சோம்பல் இல்ல, பொய் சொல்ல மனசு வரல. ஒரு காலம் புதுசா சேத்தேன், அவ்ளோதான், அவரு டிக்கெட்டுங்க தானா நகர ஆரம்பிச்சுது. ஒர்க் ஃப்ளோவை நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்ங்குறது விளம்பரத்துல ஒரு வரி தான், ஆனா இந்த மாதிரி நேரத்துல தான் அதோட அருமை தெரியும்.

காலம்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஒவ்வொரு காலத்துக்கும் இத்தனை டிக்கெட்டுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ஒரு உச்ச அளவு வைக்கலாம், தாண்டினா காலம் சிவப்பாயிடும். டொயோட்டா ஃபேக்டரில தைச்சி ஓனோ கொண்டு வந்த கான்பான் முறையிலேர்ந்து வந்த பழக்கம் இது, கையில இருக்குறதை முடிக்காம புதுசா எடுக்காதேங்குறது தான் அதோட சாரம். டெஸ்டிங் காலம் சிவப்பானா "டெஸ்டர் லேட்டு"ன்னு யாரையும் சொல்ல வேண்டியதில்ல, எல்லாரும் ஒரே போர்டைத் தான் பாக்குறாங்க. இன்னொரு டீமால நம்ம வேலை நிக்குதுன்னா "இதால தடைபட்டிருக்கு"ன்னு ரெண்டு டிக்கெட்டையும் லிங்க் பண்ணி வைக்குறதும் அதே ரகம் தான், மெயில்ல கோவமா எழுதுறதை விட நூறு மடங்கு மேல்.

இப்போ காலை வாருற எடங்களுக்கு வருவோம். மொதல்ல நோட்டிஃபிகேஷன். நாம ஒரு டிக்கெட்ல ஒரு சின்ன எடிட் பண்ணா கூட அசைனி (வேலை யாரு பேர்ல இருக்கோ அவரு), ரிப்போர்ட்டர், வாட்ச் பண்றவங்க எல்லாருக்கும் மெயில் பறக்கும், அது தான் பொதுவான செட்டிங். ஆர்வக் கோளாறுல ராத்திரி உக்காந்து நாப்பது டிக்கெட்டுக்கு லேபிள் மாத்துனீங்கன்னா காலைல நாப்பது மெயிலோட எழுந்திருக்குற சீனியர் உங்களைப் பத்தி என்ன நெனைப்பாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பல்க் சேஞ்ச்ல போயி மாத்துங்க, கடைசி ஸ்டெப்புக்கு முன்னாடி மெயில் அனுப்பவான்னு ஒரு டிக் பாக்ஸ் வரும், அதை எடுத்து விட்டுட்டு ஓகே குடுங்க. இதே கதை தான் அசைன் பண்றதுலயும். நேர்ல ஒரு வார்த்தை பேசாம ஒரு பெரியவருக்கு டிக்கெட் அசைன் பண்ணா அவருக்குப் போறது ஒரு மெஷின் மெயில், "இந்த வேலை உங்களுக்குக் குடுக்கப்பட்டது"ங்குற தொனில, அதை அனுப்பினது நீங்க தான்னு பேரும் இருக்கும். மொதல்ல பேசுங்க, அப்புறம் அசைன் பண்ணுங்க, வரிசை மாறினா வேலையே மாறிடும்.

ரெண்டாவது, ஃபீல்டுங்க. ஒரு டிக்கெட் போடப் போனா முப்பது கட்டம் முன்னாடி வந்து நிக்கும், வருஷக்கணக்கா யாரு யாரோ கேட்டு சேத்தது, யாரும் எடுக்க மாட்டாங்க. இது டூலோட குத்தமா ஆபீஸோட குத்தமான்னா ரெண்டும் தான், ஏன்னா சேக்குறதை சுலபமா வெச்சுருக்காங்க. இங்க தான் புதுசா சேர்ற மேனேஜர் ஒன்னு தெரிஞ்சுக்கணும், ஜிராவுல டீம் மேனேஜ்ட், கம்பெனி மேனேஜ்ட்னு ரெண்டு வகை இருக்கு. கம்பெனி மேனேஜ்ட்ல ஒரு ஃபீல்டை எடுக்கணும்னா கூட ஜிரா அட்மின்கிட்ட போயி நிக்கணும், அவரு நம்ம ரிக்வெஸ்ட்டை எப்போ பாப்பாருங்குறது அவரு விருப்பம், வயசு கம்மின்னா க்யூவுல இன்னும் பின்னாடி. டீம் மேனேஜ்ட்ல போர்டு, காலம், ஃபீல்டு எல்லாம் நம்ம கையிலயே. ஆனா அதுல ரிப்போர்ட்டுங்க கம்மி, நான் மேல புகழ்ந்து தள்ளுன ஸ்ப்ரிண்ட் ரிப்போர்ட் எல்லாம் கம்பெனி மேனேஜ்ட் பக்கம் தான், அதனால எது வேணும்னு யோசிச்சு எடுங்க.

மூணாவது தான் எனக்கு ரொம்ப எரிச்சல், வெலாசிட்டி சார்ட். ஒரு டீம் ஒரு ஸ்ப்ரிண்ட்ல எத்தனை ஸ்டோரி பாயின்ட் எடுத்துச்சு, எத்தனை முடிச்சுதுன்னு பக்கத்துப் பக்கத்துல கம்பம் நிக்கும். ஸ்டோரி பாயின்ட்டுங்குறது ஒரு வேலை எவ்ளோ பெருசுன்னு சொல்ல அந்தந்த டீம் தனக்குள்ள வெச்சுக்குற அளவு, ஒரு டீமோட அஞ்சும் இன்னொரு டீமோட அஞ்சும் ஒன்னு கெடையாது. இதை மேல இருக்குறவங்களுக்குப் புரிய வைக்குறதுக்குள்ள தாவு தீந்துரும், "அந்த டீம் அறுபது அடிக்குது நீ ஏன் முப்பத்தஞ்சு"ன்னு கேட்டா, அனுபவம் இருக்குற மேனேஜர் சிரிச்சுட்டுப் போயிடுவாரு, சின்னப் பையன் பயந்து போயி டீம் மேல பாய்வான், டீம் அடுத்த ஸ்ப்ரிண்ட்லேர்ந்து எல்லாத்துக்கும் பாயின்ட்டை ஏத்திப் போடும், கம்பம் வளரும், வேலை அதே தான். டாஷ்போர்டுல வெலாசிட்டியை மேலதிகாரிக்குத் தெரியிற மாதிரி வைக்காதீங்க, கேட்டா மட்டும் விளக்கத்தோட காட்டுங்க.

நடுவுல ஒரு சின்ன விஷயம், இந்த டூல்லாம் கத்துக்குறதை விட பிஎம்பின்னு ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான சர்டிஃபிகேட் எடுத்தா மதிப்பு வரும்னு யாராவது சொல்லுவாங்க. பிஎம்ஐ (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்) நடத்துற அந்தப் பரீட்சைக்கு நாலு வருஷ டிகிரி இருந்தாலும் மூணு வருஷம் ப்ராஜெக்ட் நடத்துன அனுபவம் காட்டணும், அதனால நம்ம நெலமைக்கு இப்போதைக்கு அது எட்டாது, சிஏபிஎம்னு (CAPM) அவங்களோட ஆரம்ப நெலை பரீட்சை இருக்கு, அதுக்கு அனுபவம் கேக்க மாட்டாங்க, 23 மணி நேரம் படிச்சதுக்கான சான்று போதும். எடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா டைரி வெச்சுருக்குற அண்ணனுக்கு அந்த சர்டிஃபிகேட்டும் ஒன்னு தான், சேர்ல போட்டு வைக்குற துண்டும் ஒன்னு தான்.

யாருக்கு இது வேணாம்? அஞ்சாறு பேரு இருக்குற டீம், ஒரே ரூம்ல உக்காந்துருக்கீங்க, வேலை ஒரே மாதிரின்னா ட்ரெல்லோ போதும், அதுவும் 2017லேர்ந்து அட்லாசியனோடது தான், இழுத்து விட்டா நகரும், கத்துக்க ஒன்னுமே இல்ல. பத்து பேரு வரைக்கும் ஜிராவுலயும் இலவச ப்ளான் இருக்கு, ஆனா இலவசம்ங்குறதுக்காக சின்ன டீம் தலைல இவ்ளோ பெரிய டூலைக் கட்டாதீங்க. எந்த வேலை ஒரு நாள் தள்ளிப் போனா மொத்த ப்ராஜெக்ட்டும் ஒரு நாள் தள்ளிப் போகும்னு துல்லியமா பாக்க வேண்டிய வேலைன்னா, கட்டடம், மெஷின் எறக்குறது இந்த மாதிரி, அதுக்கு மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் தான் சரி. 1984ல டாஸ்ங்குற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துல வந்த பழம் அது, ஆனாலும் க்ரிட்டிக்கல் பாத் கணக்கை அது தானா போடும், ஜிராவோட டைம்லைன்ல ஆட் ஆன் இல்லாம அது வராது, கம்பி கம்பியா கோடு மட்டும் தான் வரும்.

என் மார்க் அஞ்சுக்கு மூணரை. நட்சத்திரக் குறி, ஹிஸ்டரி, கன்ட்ரோல் சார்ட் மூணுக்கும் சேத்து மூணு, இஷ்டத்துக்கு காலம் சேத்துக்கலாம்ங்குறதுக்கு அரை, மீதி ஒன்னரையை மெயில் மழைக்கும் முப்பது கட்டத்துக்கும் வெலாசிட்டிக்கும் புடிச்சுக்கிட்டேன். புதுசா ப்ராஜெக்ட் கையில வாங்குறவங்க மொதல் வாரமே ப்ராஜெக்ட் அட்மின் பெர்மிஷனைக் கேட்டு வாங்கிடுங்க, வாய்மொழியா இல்ல, மெயில்ல. மாசம் ரெண்டு போச்சுன்னா "இத்தனை நாள் அது இல்லாம தானே ஓடுச்சு"ன்னு சொல்லி தர மாட்டாங்க.